ஆளிருக்கிற வீடு

சாமான் ஏற்றி வந்த லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒழுங்கை முகப்பிலேயே புதைந்து நின்றது. உரும்பிராய்ச் செம்மண் ஒரு மழைக்கே களியாகிவிடும். தம்பிராசா இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டில் பலகைகளைத் தோளில் தூக்கினான். மகாதேவி அரிசிச் சாக்கைத் தலையில் வைத்து முன்னால் நடந்தாள். இரண்டு நடையில் குடித்தனம் முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான் இருந்தது.

வீடு பெரிது. மஞ்சள் பூச்சு, விறாந்தையை அடைத்து இரும்புக் கிறில், தரை முழுக்க மாபிள், மேலே கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. அதற்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இவர்களுக்குக் கிடைத்தது கிணற்றடிக்குப் பின்னால் நிற்கிற தகரக் கொட்டில். முன்பு வெங்காயம் கட்டித் தூக்கிய கொட்டில். நெடி இன்னும் போகவில்லை.

தம்பிராசா அண்ணாந்து பார்த்தான். "தகரத்திலை ஓட்டை இல்லையப்பா."

"பிறகென்ன, மாளிகைதான்," என்றாள் மகாதேவி.

மயிலிட்டியை விட்டு ஓடிவரும்போது அவளுக்கு ஐந்து வயது. பிறகு முகாம், அதற்குப் பிறகு இன்னொரு முகாம், கலியாணமும் முகாமில். முகாமைப் பூட்டிய பிறகு ஆர் ஆரோ வீட்டுக் கோடிப்புறங்கள். மயிலிட்டிக் காணியை ஆமி இப்போது விட்டுவிட்டது. அங்கே கிணற்றுக்கட்டும் எருக்கலையும் நிற்கின்றன. தம்பிராசா பின்னேரம் மயிலிட்டித் துறைக்குப் போய்க் கூலிக்குக் கடலில் இறங்குவான், விடிய வருவான். அவள் தோட்டங்களில் புல்லுப் பிடுங்குவாள். அதில் வீடு எழும்பாது. இந்தக் கொட்டிலும் போனால் அடுத்தது ரோட்டுத்தான்.

வீட்டுக்காரர் சோமசேகரம் கனடாவில் இருந்தார். அன்றைக்கே வட்ஸ்அப்பில் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. நீங்களும் உள்ளுக்கை படுக்கக் கூடாது. ஆனால் ரோட்டாலை போறவனுக்கு உள்ளுக்கை ஆள் இருக்குதெண்டு தெரியவேணும். விளங்குதே?"

"ஆள் இல்லாமல் எப்பிடி ஐயா?"

"அது உங்கடை கெட்டித்தனம். வீடு போச்சுதெண்டால் நீங்களும் போகவேண்டியதுதான். அதை நினைவிலை வையுங்கோ."

அவருடைய பயத்துக்குப் பெயர் றஞ்சித். காணித் தரகன் என்று சொல்லிக்கொள்வான். பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடுகளைப் பார்த்து வைப்பான். பிறகு ஒருநாள் பின்கதவை உடைத்து, போக்கிடம் இல்லாத ஒரு குடும்பத்தை உள்ளே இருத்திவிடுவான். விடியப் பார்த்தால் குசினியில் புகை எழும்பும், கொடியில் பிள்ளைத் துணி காயும். பொலிஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கோட்டுக்குப் போய் வழக்குப் போடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போகும். அதற்குப் பிறகுதான் றஞ்சித் வீட்டுக்காரனோடு கதைக்கத் தொடங்குவான். அடுத்த ஒழுங்கையில் ஒரு மாடிவீடு அப்படிப் போனது.

ஆள் இருக்கிற மாதிரிக் காட்டுவது மகாதேவிக்குப் புதிது இல்லை. முகாமில், ஆம்பிளை கடலுக்குப் போன கொட்டில்களில், பெண்கள் வாசலில் ஒரு சோடி ஆம்பிளைச் செருப்பை வைத்துவிட்டுப் படுப்பார்கள். அவளும் அப்படிப் படுத்தவள்தான். இங்கேயும் படியில் ஒரு சோடி பழைய பாட்டாச் செருப்பை வைத்தாள். ஒழுங்கையால் போகிறவர்கள் காணத்தக்கதாகக் கொடியில் ஒரு நீலக்கோட்டுச் சாரத்தை விரித்தாள். மைமல் பொழுதில் கிறிலைத் திறந்து விறாந்தை லைற்றைப் போட்டாள். ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கதவடியில் வைத்தாள். பிறகு, பூட்டிய கதவைப் பார்த்து, நாலு வீட்டுக்குக் கேட்கக் குரலை எடுத்து விடைபெற்றுச் சொன்னாள்:

"ஐயா, தேத்தண்ணி வைச்சிருக்கு. நான் போட்டு வாறன்!"

தம்பிராசா துறைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு சிரித்தான். "உந்த இல்லாத ஐயாவுக்கு ஊத்துறதை எனக்கு ஊத்தினால் நானாவது நன்றி சொல்லுவன்."

"நீங்களோ? நீங்கள் சீனி காணாதெண்டு சொல்லுவியள்."

மழைக்காலம் முழுவதும் அப்படியே போனது. றஞ்சித்தின் மோட்டார் சைக்கிள் சிலவேளை ஒழுங்கையில் மெதுவாக வந்து, படியில் செருப்பைக் கண்டு, திரும்பிப் போனது. சோமசேகரத்துக்குச் சந்தோசம். கொட்டிலுக்கு ஒரு பல்ப் இழுக்கச் சொன்னார்.

முதலில் மாறியது அந்தச் சாரம்.

காட்சிக்குத் தொங்கவிட்ட சாரம் அது. அவள் அதைத் தோய்க்கிறதே இல்லை. ஒருநாள் தோட்டத்தால் வந்து கொடியிலிருந்து இழுத்தபோது நனைந்து கனத்தது. அன்று மழை இல்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். மூத்திர மணம். அதற்குக் கீழே கோடாலித் தைலமும், அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழமும் மணத்தன. படுக்கையில் கிடக்கிற சீக்காளியின் அறை எப்படி மணக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நாய் வந்து பெய்திருக்கும் என்று நினைத்தாள். நாய் அந்த உயரத்துக்குப் பெய்யாது.

பிறகு சத்தம். வீட்டின் கிழக்கு அறைக்குள் ஆரோ ஒரு தகரப் பேணியைத் தரையில் தட்டுகிற சத்தம். டொக். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. டொக். கூப்பிடத் தொண்டை இல்லாத கிழடுகள் அப்படித்தான் ஆளைக் கூப்பிடும். அவள் எலி என்றாள். தம்பிராசாவும் எலி என்றான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மைமலில், வழமைபோல லைற்றைப் போட்டாள். தேத்தண்ணியை வைத்தாள். ஒழுங்கையால் சைக்கிளில் இரண்டு பேர் போனார்கள். அவர்களுக்குக் கேட்கட்டும் என்று இன்னும் பலமாகச் சொன்னாள்.

"ஐயா, நான் போட்டு வாறன்!"

"ஓம் பிள்ளை."

உள்ளே இருந்து.

கதவுக்கு மறுபக்கம் இல்லை, இன்னும் உள்ளே, ஒரு சுவருக்கு அப்பால். வறண்ட குரல். ஆனால் கனிவாக.

"கெதியா வா, என்ன."

அவள் கிறிலைப் பூட்டாமலே ஓடினாள்.

பக்கத்து வளவு இரத்தினம்மா, தலை நரைத்த, வாய் நரைக்காத மனிசி. விடிய வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"எடி பிள்ளை, உன்ரை மனிசனுக்கு நெஞ்சுக்கை சளியே? பின்னேரத்திலை ஒரே இருமல். ஆசுப்பத்திரியிலை காட்டன்."

"அந்தாள் பின்னேரத்திலை கடலிலை எல்லே அக்கா."

இரத்தினம்மா பெரிய வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீ நாளாந்தம் ஆருக்குச் சொல்லிப்போட்டுப் போறனி?"

மகாதேவி சொன்னாள். செருப்பு, சாரம், தேத்தண்ணி, எல்லாம் வீட்டுக்காரர் கேட்ட வேசம்தான் என்றாள். இரத்தினம்மாவின் கை வேலிக் கதியாலை இறுக்கிப் பிடித்தது.

"விசரி. உந்த வீட்டைப் பற்றி அவன் சோமசேகரம் உனக்குச் சொல்லேல்லையே? அவன் வந்தால் ஏன் ஹோட்டலிலை நிக்கிறானெண்டு ஒருக்கா யோசிச்சியே?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தொண்ணூறில் சோமசேகரத்தின் ஆட்கள் கொழும்புக்குப் போன பிறகு, கரைப்பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் அந்த வீட்டில் இருந்தது. தொண்ணூற்றைஞ்சில் ஆமி வருகுதென்று வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் ஊரை விட்டு எழும்பியபோது, அவர்களும் எழும்பினார்கள். தகப்பன் பாரிசவாதத்தில் கிடந்தார். சைக்கிள் ஒன்றுதான். அதில் மகன் தாயை ஏற்றுவதா தகப்பனை ஏற்றுவதா?

"பெடியன் கிழவருக்குப் பக்கத்திலை ஒரு பேணி தண்ணியும் ஒரு சீப்புக் கதலிப்பழமும் வைச்சான். நான் வாசலிலை நிண்டு கேட்டனான். 'அப்பு, நாங்கள் போட்டு வாறம்' எண்டான். கிழவர் 'ஓம், கெதியா வா' எண்டவர்."

"பிறகு?"

"பிறகென்ன. ஒருத்தரும் வரேல்லை. அவை வன்னிக்கைப் போய் அங்கை முடிஞ்சினமாம். நாங்கள் திரும்பி வரேக்கை அறை வெறுமை. ஆர் தாட்டது, எங்கை தாட்டது, ஒண்டும் தெரியாது. எட்டுச் செலவில்லை, அந்தியேட்டி இல்லை. கிரியை, செலவு கழியாத செத்தவீடடி அது." அவள் மகாதேவியின் முகத்தைப் பார்த்தாள். "செத்தவீட்டிலை நிண்டு ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சொல்லாமல் எழும்பிப் போகவேணுமெண்டு. இவ்வளவு காலமும் அது சும்மா கிடந்தது. நீ நாள் தவறாமல் வந்து, வாறன் வாறன் எண்டு சொல்லி எழுப்பிப்போட்டாய்."

மகாதேவி கனடாவுக்கு எடுத்தாள். ஐயரைக் கூப்பிட்டு ஒரு சாந்தி செய்யவேணும் என்றாள். சோமசேகரம் முழுவதையும் கேட்டார்.

"ஆம்பிளைக் குரல் வெளியிலை கேக்குதாமோ?"

"ஓம் ஐயா."

"அப்ப நல்லதுதானே! கேட்டால் றஞ்சித் கிட்டவும் வரமாட்டான். ஐயரும் சனமும் உள்ளுக்கை வந்தால் வீடு வெறுமையெண்டு ஊருக்கே தெரிஞ்சுபோம். விசர்க்கதை கதையாமல் லைற்றைப் போடுங்கோ தங்கச்சி."

அன்றிலிருந்து அவள் லைற்றை மட்டும் போட்டாள். செருப்பை எடுத்துவிட்டாள். சாரத்தைக் கழற்றிக் குப்பைக்குள் போட்டாள். வாய் திறக்கவில்லை.

டொக். டொக். டொக்.

இப்போது இடைவெளி இல்லை. அவள் புல்லுக் கத்தி தீட்டும்போதும், உலை வைக்கும்போதும், கிழக்கு அறைக்குள் பேணி தட்டியது. கோபத்தில் தட்டுகிற தட்டு இல்லை. ஆரையோ காணவில்லை என்று தட்டுகிற தட்டு. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

செருப்பும் சாரமும் இல்லாததை றஞ்சித்தும் கண்டான்.

அவன் வந்தபோது வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கூட எமில்ராஜ் என்று ஒரு முரடன், தோளில் இரும்பு அலவாங்கு. தம்பிராசா கடலில். மகாதேவி கிணற்றடியிலிருந்து ஓடிவந்து பின்கதவை மறித்து நின்றாள்.

"தள்ளுங்கோ அக்கா," என்றான் றஞ்சித், சிரித்துக்கொண்டு. "மாரி முழுக்கக் காத்துக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்கள். நானும் பாத்துக்கொண்டுதான் திரிஞ்சனான். நல்ல நடிப்பு. கோயில் திருவிழாவிலை போட்டால் பரிசே தரலாம்."

"தம்பி, போகாதை. சத்தியமாச் சொல்லுறன். உள்ளுக்கை ஆள் இருக்கு."

"அதைத்தானே இவ்வளவு நாளும் சொன்னனீங்கள்."

"இது வேறை. இது நான் சொல்லுறதில்லை. நீ காது குடுத்துக் கேள்."

பேணி தட்டுகிற சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. எமில்ராஜ் மூக்கைச் சுளித்தான். "அண்ணை, என்னவோ பழுதாகி மணக்குது."

"எலி செத்திருக்கும். உடை."

அவள் அலவாங்கைப் பிடித்தாள். றஞ்சித் அவள் தோளில் கைவைத்துத் தள்ளினான். அவள் கிணற்றுக்கட்டில் முழங்கை அடிபட விழுந்தாள். அவன் சிரிப்பை விட்டுவிட்டான்.

"நாளைக்கு இஞ்சை ஒரு குடும்பம் வந்து குந்துது. கொட்டிலிலை தங்கடை ஆடு கட்டப்போயினம். விடியுமுன்னம் மூட்டையைக் கட்டுங்கோ. இல்லாட்டி அந்தத் தகரத்தை நானே பிடுங்குவன்."

எமில்ராஜ் அலவாங்கைக் கொடுத்து நெம்பினான், கதவு விட்டது. றஞ்சித் கைபேசி வெளிச்சத்தோடு உள்ளே போனான்.

மகாதேவி எழும்பினாள். முழங்கையால் இரத்தம் வடிந்தது. தகரத்தைப் பார்த்தாள். அதன் கீழே பாய், பானை, உப்புப் போத்தல். ஐந்து வயதிலிருந்து ஆரோ ஒருவன் வந்து எழும்பு எழும்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

அவள் கிழக்கு அறை யன்னலடிக்குப் போனாள். மூடிய பலகைக்கு வாயைக் கிட்ட வைத்தாள். இடுக்கால் வந்த காற்று வெக்கையாக இருந்தது, ஆரோ மறுபக்கம் வாயை வைத்து மூச்சு விடுகிறமாதிரி.

"ஐயா," என்றாள். "உங்கடை பெடியன் வந்திட்டான்."

ஒன்றுமில்லை.

"உள்ளுக்கைதான் நிக்கிறான். விட்டிடாதேங்கோ."

உள்ளே ஒரு பேணி உருண்டது.

பிறகு, கட்டில் கிறீச்சிட்டது. எழும்ப ஏலாத ஒன்று எழும்புகிற சத்தம்.

"ஆரது?" றஞ்சித்தின் குரல். "ஆரடா அது உள்ளுக்கை? எமில்! எமில், இஞ்சை வா!"

எமில்ராஜ் அசையவில்லை. அலவாங்கு அவன் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது.

"கையை விடு. கையை விடுங்கோ. நான் இல்லை. ஐயோ, அது நான் இல்லை!"

எமில்ராஜ் வேலி பாய்ந்து ஓடினான்.

உள்ளே அழுகை கேட்டது. வளர்ந்த ஆம்பிளை, மூச்சு இழுத்து இழுத்து அழுதான். அதற்கு மேலால் இன்னொரு குரல், ஆறுதல் சொல்கிறமாதிரி, விடாமல் முணுமுணுத்தது. அழுகை மெல்ல அடங்கியது.

"ஓம்," என்றான் றஞ்சித். "ஓம் அப்பு."

இந்தக் காலத்துப் பெடியள் ஆரும் தகப்பனை அப்பு என்று கூப்பிடுவதில்லை.

உடைத்த கதவு உள்ளிருந்து மெதுவாகச் சாத்துப்பட்டது.

விடிய, தம்பிராசா மீனோடு வந்தபோது, றஞ்சித் கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தான். இடுப்பில் அவள் குப்பைக்குள் போட்ட நீலக்கோட்டுச் சாரம். ஒரு சட்டியைத் தேய்த்துக் கழுவினான். தம்பிராசா அதட்ட வாயெடுத்தான்.

"மெல்லக் கதையுங்கோ அண்ணை," என்றான் றஞ்சித். கண்கள் வீங்கியிருந்தன. "அப்பு இப்பதான் கண்ணயர்ந்தவர்."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவனைப் பெற்ற தாய் வந்து படலையடியில் நின்று தலையில் அடித்து அழுதாள். அவன் அவளை வழிப்போக்கரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பொலிஸ் வந்தது. வாசலோடு நின்று அவனோடு இரண்டு சொல் கதைத்தது. கோட்டுக்குப் போங்கோ என்றது.

கனடாக் குரல் வெடித்தது. "காவலுக்கு வைச்ச நீங்களே அவனை உள்ளுக்கை விட்டிட்டியள்! எவ்வளவு வாங்கினனீங்கள்? விதானையாரை அனுப்பியிருக்கிறன், ஆர் ஆர் இருக்கினமெண்டு பாக்க. அவர் வந்து போன உடனை நீங்களும் வெளிக்கிடுங்கோ. எனக்கு உங்கடை முகத்திலை முழிக்க விருப்பமில்லை."

தம்பிராசா பாயைச் சுருட்டினான். எங்கே போவது என்று இருவரும் கதைக்கவில்லை. கதைத்தால் பதில் வேண்டும்.

விதானையார் கோபிசங்கர் காலையில் வந்தார். இளந்தாரி. வெள்ளைச் சேட்டு, நெற்றியில் சந்தனம், கிராம அலுவலராக ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஆள். கதவைத் தட்டினார். திறந்தது. உள்ளே போனார். உலைத்தண்ணி கொதிக்கத் தொடங்கும்வரை அவர் வரவில்லை. மகாதேவி அடுப்படியில் குந்தியிருந்து கதவையே பார்த்தாள்.

அவர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"உந்தப் பெரியவரைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

தம்பிராசா சுருட்டிய பாயைப் பிடித்தபடி நின்றான்.

"றஞ்சித் மூலையிலை பேசாமல் இருக்கிறான். அவர்தான் கதைச்சவர். படுத்த படுக்கை, ஆனால் நல்ல தெளிவு. தொண்ணூற்றைஞ்சுக்கு முந்தியிருந்து இஞ்சைதானாம். ஒரு நாளும் வெளிக்கிடேல்லையாம், ஒருத்தரும் எழுப்பவும் இல்லையாம். அப்பிடிப் பாத்தால் கனடா ஐயா வழக்குப் போட்டும் பெரிசா ஒண்டும் செய்யேலாது. பத்து வருசம் தடையில்லாமல் இருந்தாலே சட்டம் அந்தப் பக்கம் சாயும். இவர் முப்பது வருசம்."

"அப்ப, எங்கடை கொட்டில் ஐயா?" தம்பிராசா கேட்டான்.

"நீங்கள் எழும்பத் தேவையில்லை. அவரே சொன்னவர். கொட்டிலிலை இருக்கிற பிள்ளை தன்ரை ஆள்தானாம். தன்னோடை முகம் குடுத்துக் கதைச்சது அவ ஒருத்திதானாம்." அவர் மகாதேவியைப் பார்த்துத் தலையசைத்தார், நல்ல செய்தி சொல்கிற ஆளைப்போல. "அவவை ஒரு இடமும் விடவேண்டாமாம். நாலு தரம் சொல்லிப்போட்டார்."

சொல்லிக்கொண்டே லேஞ்சியை எடுத்து மணிக்கட்டைத் துடைத்தார். துடைத்தும் போகாமல் மறுபடி துடைத்தார். வெள்ளைச் சேட்டின் கைமுனையில் நாலு விரலும் ஒரு பெருவிரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

"பாவம், தனிமை போலை," என்றார். "என்ரை கையை விட மனமில்லை அந்தாளுக்கு."

மோட்டார் சைக்கிள் ஒழுங்கை திரும்பி மறைந்தது. தம்பிராசா நெடுமூச்சு விட்டான். பாயை அவிழ்த்து, பழைய இடத்தில், தகரத்துக்குக் கீழே விரித்தான். அதில் குந்தியிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிழக்கு அறை யன்னல் பலகை ஒரு விரற்கடை திறந்திருந்தது. அந்த இடுக்கு இருட்டாக, கொட்டிலை நேரே பார்த்தது.

மகாதேவி உலையைப் பார்த்தாள். எழும்பிப் போய், சாக்கில் கைவிட்டு, இன்னுமொரு சுண்டு அரிசி அள்ளிப் போட்டாள்.